கொடுத்ததைக் கொடுக்கலாமா?

விஜயதசமிக்கு மறுநாள். கொலுப் படிகளைப் பிரித்து, பொம்மைகளைப் பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாயிற்று. பெட்டி பரணுக்குப் போய்விட்டது. ஆனால், கூடத்தின் ஒரு மூலையில் இன்னொரு குவியல் உட்கார்ந்திருக்கிறது. ஒன்பது நாட்களும் நீங்கள் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தவை. ஏழெட்டு பிளாஸ்டிக் கிண்ணங்கள், நான்கு குங்குமச் சிமிழ்கள், மூன்று சின்னக் கூடைகள், எந்தப் புடவைக்கும் சேராத நிறத்தில் பத்து ரவிக்கைத் துணிகள்.

இது நவராத்திரிக் கணக்கு மட்டும்தான். கிரகப்பிரவேசத்துக்கு வந்த 5 சுவர்க்கடிகாரங்கள், பையனின் பூணூலுக்கு வந்த ஹாட்பேக்குகள், அறுபதாம் கல்யாணத்துக்குப் போன இடத்தில் கொடுத்த எவர்சில்வர் டிபன் பாக்ஸ், நாத்தனார் காசியிலிருந்து வாங்கி வந்த பெரிய சாமி படம், ஊரிலிருந்து சித்தி சுமந்துகொண்டு வந்த பித்தளை அடுக்கு... எல்லாம் எங்கே இருக்கின்றன? கட்டிலுக்கு அடியில். பீரோவின் தலையில். பால்கனியில் ஒரு கோணிக்குள். ஒரே படுக்கையறை கொண்ட வீட்டில் 4 பேர் இருக்கிறீர்கள். ஐந்தாவது ஆளாக இந்தப் பொருட்கள் குடியிருக்கின்றன.

யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று கை நீளும்போதே மனசு தடுக்கிறது. ‘ஆசையாகக் கொடுத்ததாயிற்றே, தூக்கிக் கொடுத்தால் பாவம் இல்லையா? அடுத்த முறை அவர்கள் வந்து, எங்கே என்று கேட்டால்? லட்சுமி வீட்டை விட்டுப் போகிற மாதிரி ஆகிவிடாதா?’ இந்தக் கேள்விகள் சின்னக் கேள்விகள் இல்லை. உறவு, உண்மை, தானம் ஆகிய மூன்றும் இதற்குள் இருக்கின்றன. நம் பெரியவர்கள் சொன்ன கதைகளை வைத்தே இதை யோசித்துப் பார்ப்போம், வாருங்கள்.

லட்சுமி ஏன் போனாள்?

‘கொடுத்ததை மதிக்காவிட்டால் லட்சுமி போய்விடுவாள்’ என்ற பயத்துக்கு ஆதாரமாக ஒரு கதை உண்டு. விஷ்ணு புராணத்தில் வருகிறது. துர்வாச முனிவர், வித்யாதரப் பெண் ஒருத்தியிடமிருந்து தெய்விக மணம் வீசும் மலர்மாலை ஒன்றைப் பெற்றார். எதிரே ஐராவதத்தின் மேல் இந்திரன் வந்தான். மாலையை அவனுக்குக் கொடுத்தார் முனிவர். அவன் அதை யானையின் தலையில் வைத்தான். மணத்தில் மயங்கிய யானை, மாலையைத் தும்பிக்கையால் எடுத்துத் தரையில் வீசியது. துர்வாசர் சபித்தார். இந்திரனின் செல்வமெல்லாம் நீங்கியது. பிறகு பாற்கடலைக் கடைந்துதான் திருமகளைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது.

இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். முனிவர் கொடுத்தது என்ன? மலர்மாலை. பூவை யாரும் பீரோவில் பூட்டி வைத்துக் காப்பாற்றச் சொல்வதில்லை. ஆக, ‘நான் கொடுத்ததை வைத்துக் காப்பாற்றவில்லை’ என்பது முனிவரின் கோபம் அல்ல. ‘வாங்கும்போதே அலட்சியமாக வாங்கினாய்’ என்பதுதான் கோபம். இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த மாலையே துர்வாசருக்கு இன்னொருவர் கொடுத்ததுதான். தனக்கு வந்த மாலையைத்தான் அவர் இந்திரனுக்குக் கொடுத்தார். அதில் தவறு இருந்ததாக எந்தப் பௌராணிகரும் சொல்வதில்லை.

ஆகவே முதல் பாடம் இது. ஒரு பொருளுக்கு நாம் செய்யும் மரியாதை, அதை வாங்குகிற அந்த நிமிஷத்தில் இருக்கிறது. குசேலர் கந்தல் துணியில் முடிந்து கொண்டுவந்த அவலைக் கண்ணன் என்ன செய்தான்? கொடுக்கவே கூச்சப்பட்டவரிடமிருந்து தானே பிடுங்கி, அவர் கண் முன்னாலேயே வாயில் போட்டுக்கொண்டான். துவாரகையில் அவலுக்கா பஞ்சம்? கண்ணனுக்குத் தேவை அவல் அல்ல. ஆனால், அந்த முகம் மலர வேண்டும் என்பது அவனுக்குத் தேவையாக இருந்தது.

நாம் என்ன செய்கிறோம்? வாங்கிய பையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் ‘எதுக்கு இதெல்லாம்?’ என்று ஓரமாக வைத்துவிடுகிறோம். பிறகு அதே பையைப் பத்து வருஷம் பரணில் காப்பாற்றுகிறோம். முதலாவது யானையின் தலையில் மாலையை வைப்பது போல. அதற்குப் பத்து வருஷப் பரண்வாசம் பிராயச்சித்தம் ஆகாது. பிரித்துப் பாருங்கள். கொடுத்தவர் எதிரிலேயே பாராட்டுங்கள். தட்டு என்றால், அவருக்கே அதில் ஒரு பட்சணம் வைத்துக் கொடுங்கள். அவர் கொடுக்க வந்தது அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

அது இப்போது யாருடையது?

அடுத்த கேள்வி: வாங்கிக்கொண்ட பிறகு அந்தப் பொருளின் மீது யாருக்கு உரிமை?

ஹோமத்தில் ஒவ்வொரு ஆகுதிக்கும் ‘ந மம’ என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். ‘இது என்னுடையது அல்ல’ என்று பொருள். தானம் கொடுக்கும்போதும் இதையே சொல்லச் சொல்வார்கள். தாரை வார்ப்பது என்பதும் அதுதான். நீர் கையை விட்டுப் போனால் திரும்பக் கைக்கு வராது. அதுபோல் கொடுத்த பொருளின் மீதுள்ள உரிமையும் போய்விடுகிறது. ‘நான் கொடுத்தேனே, அதை என்ன செய்தாய்?’ என்ற கேள்வி மனதில் இருக்கும் வரை, கொடுத்தவர் இன்னும் முழுதாகக் கொடுக்கவில்லை என்று அர்த்தம்.

மொய் வேறு, அன்பளிப்பு வேறு என்பதும் இதனால்தான். மொய்க்கு நோட்டு உண்டு. யார், எவ்வளவு என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பிச் செய்தாக வேண்டும். அது ஒரு கைமாற்று. அதில் கேட்க உரிமை உண்டு. அன்பளிப்பில் நோட்டு கிடையாது.

ஆக, வந்த பொருள் உங்களுடையது. உங்களுடையதை நீங்கள் கொடுக்கலாம். இதற்கு ராமாயணத்தைவிட நல்ல சாட்சி வேண்டுமா? வால்மீகி சொல்லும் பட்டாபிஷேகக் காட்சியில், ஸ்ரீராமர் சீதாபிராட்டிக்கு ஒப்பற்ற முத்துமாலை ஒன்றைக் கொடுக்கிறார். அதை வாங்கிய பிராட்டி, கழுத்திலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வானரர்கள் எல்லோரையும் பார்க்கிறாள், கணவரையும் பார்க்கிறாள். குறிப்பறிந்த ராமர், ‘யாரிடம் உனக்கு மகிழ்ச்சியோ, அவருக்குக் கொடு’ என்று இசைகிறார். மாலை அனுமன் கழுத்துக்குப் போகிறது.

கணவர் கொடுத்த பரிசு. அதுவும் பட்டாபிஷேகத்தன்று கொடுத்தது. அன்றைக்கே, அந்தச் சபையிலேயே அது கைமாறுகிறது. அதனால் அந்தப் பரிசின் பெருமை குறைந்ததா? பிராட்டி அதைப் பெட்டியில் வைத்திருந்தால் நாம் இன்று அந்த மாலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம்.

கோயில்களும் இதைத்தான் காட்டுகின்றன. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் சூடிய மாலை அங்கேயே தங்கிவிடுவதில்லை. சித்திரையில் மதுரையில் வைகையில் இறங்கும் அழகருக்குப் போகிறது. திருமலை பிரம்மோற்சவத்தில் கருட சேவைக்கு மலையேறுகிறது. சூடிக் களைந்தது என்று அதைக் குறைவாக நினைக்கவில்லை. அன்போடு போகிற பொருள், கை மாற மாற உயர்கிறது.

இரண்டு எச்சரிக்கைகள்

‘அப்படியானால் நாளைக்கே எல்லாவற்றையும் மூட்டை கட்டிவிடலாம்’ என்று எழுந்துவிடாதீர்கள். இரண்டு கதைகள் வழிமறிக்கின்றன.

முதலாவது, பாகவதத்தில் வரும் நிருக மகாராஜாவின் கதை. கணக்கில்லாமல் பசுக்களைத் தானம் செய்தவர். ஒருவருக்குத் தானமாகக் கொடுத்த பசு, வழி தவறி அரண்மனை மந்தைக்கே திரும்பி வந்துவிட்டது. அது தெரியாமல் அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டார். இருவரும் வழக்காட, தீர்வு கிடைக்காமல் போய், மறுபிறவியில் ஓணானாகக் கிணற்றில் கிடந்தார். கண்ணன் கை பட்டுத்தான் விமோசனம். அத்தனை தானம் செய்தவருக்கும் ஒரு பிழை அப்படி வந்து சேர்ந்தது. தன்னுடையது அல்லாத ஒன்றைத் தானம் கொடுத்ததுதான் அந்தப் பிழை.

நம் வீட்டில் இது தினமும் நடக்கக்கூடியது. கணவரின் அக்கா அவருக்கு வாங்கி வந்த சட்டை, மகளுக்கு அவள் தாத்தா கொடுத்த பொம்மை, மாமியாருக்கு அவர் பிறந்தகத்திலிருந்து வந்த செம்பு. ‘சும்மாத்தானே கிடக்கிறது’ என்று நாம் எடுத்துக் கொடுத்துவிட முடியாது. சிறிய வீட்டில் அலமாரியை ஒழிக்கிறவர் நாம்தான் என்பதாலேயே எல்லாம் நம்முடையது ஆகிவிடாது. பிராட்டியும் கணவரின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தாள். 6 வயதுக் குழந்தையானாலும் அதைக் கேட்டுவிட்டே கொடுங்கள்.

இரண்டாவது, கடோபநிஷதம் சொல்லும் நசிகேதனின் கதை. அவன் தந்தை பெரிய யாகம் செய்தார். தானமாக ஓட்டிக்கொண்டு போன பசுக்களைப் பார்த்தான் பையன். இனிமேல் தண்ணீர் குடிக்கவோ புல் தின்னவோ சக்தியில்லாத, பால் வற்றிய கிழட்டுப் பசுக்கள். ‘இவற்றைக் கொடுத்தால் அப்பாவுக்கு என்ன கதி கிடைக்கும்?’ என்று அவன் மனம் பதறியது. ‘என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?’ என்று கேட்க ஆரம்பித்தான். எமன் வீட்டு வாசல் வரை போன கதை அப்படித்தான் தொடங்கியது.

இப்போது நம் கையில் இருக்கும் பையைப் பார்ப்போம். மூடி சேராத ஹாட்பேக், ஓடாத கடிகாரம், சாயம் போகும் என்று தெரிந்தே வைத்திருக்கும் ரவிக்கைத் துணி. இதை யாரிடம் நீட்டுகிறோம்? பெரும்பாலும் வீட்டு வேலைக்கு உதவ வரும் அம்மாவிடம். ‘எடுத்துட்டுப் போ, உனக்கு உதவும்’ என்கிறோம். அவர் மறுக்க முடியாது. மறுத்தால் ‘நல்லது கொடுத்தாலும் வேண்டாமாம்’ என்று ஒரு சொல் வரும் என்று அவருக்குத் தெரியும்.

ஒரு நிமிஷம் யோசியுங்கள். நமக்கு இடமில்லை என்றுதானே கொடுக்கிறோம்? அவர் வீடு நம் வீட்டைவிடச் சிறியது. ஒரே அறையில் அடுப்பும் படுக்கையும். நம் வீட்டு நெரிசலைத் தூக்கி அவர் வீட்டுக்குள் வைத்துவிட்டு, அதற்குத் தானம் என்று பெயர் வைக்கலாமா? அதோடு, தீபாவளிக்குக் கொடுக்க வேண்டிய பணத்தில் அதைக் கழித்துக்கொண்டால், அது கிழட்டுப் பசுவைவிட மோசம். எதையும் முதலில் எடுத்துக் காட்டி, ‘இது உங்களுக்கு உபயோகப்படுமா? வேண்டாம் என்றால் தயங்காமல் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ‘வேண்டாம்’ என்று சொல்கிற சுதந்திரம் இருக்கிற இடத்தில்தான் கொடுப்பது கொடையாகிறது. கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் பகவான், தகுந்த இடம், தகுந்த காலம், தகுந்த பாத்திரம் என்று மூன்றைச் சொன்னதும், அலட்சியமாகவும் அவமதிப்பாகவும் கொடுப்பதைத் தாமச தானம் என்று தள்ளியதும் இதற்காகத்தான்.

அத்தை வந்து கேட்டால்?

இனி, எல்லோரையும் உறுத்துகிற கேள்விக்கு வருவோம். ‘நான் கொடுத்த அந்தக் குத்துவிளக்கு எங்கேம்மா?’ என்று அத்தை கேட்டால் என்ன சொல்வது?

‘பரணில் பத்திரமாக இருக்கு அத்தை’ என்று சொல்லிவிடுவது சுலபம். ‘பிறருக்குத் தீமை தராத சொல்தான் வாய்மை என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே, அத்தை மனம் நோகாமல் இருக்கத்தானே சொன்னேன்’ என்று சமாதானமும் சொல்லிக்கொள்ளலாம். உண்மையாக நெஞ்சைத் தொட்டுப் பார்த்தால், அந்தப் பொய் யாரைக் காப்பாற்றச் சொன்னது? முக்கால்வாசி நம்மைத்தான். அடுத்த வரலட்சுமி விரதத்துக்கு ‘அதை எடுத்து ஏற்றேன்’ என்று அத்தை சொன்னால், அந்தப் பொய்க்கு இன்னொரு பொய் காவல் நிற்க வேண்டும்.

காரைக்கால் அம்மையாரை நினைத்துக்கொள்ளுங்கள். கணவர் பரமதத்தன் தனக்கு வந்த 2 மாங்கனிகளை வீட்டுக்கு அனுப்பினார். பசியோடு வந்த சிவனடியாருக்கு அதில் ஒன்றைப் படைத்துவிட்டார் அம்மையார். சாப்பிட வந்த கணவர் ஒரு கனியை உண்டு, மற்றதையும் கேட்டார். இறைவனை நினைந்து நின்ற அம்மையாரின் கையில் ஒரு கனி வந்தது. அதன் சுவையே வேறாக இருக்கவே, ‘இது எங்கே கிடைத்தது?’ என்று கேட்டார் கணவர். அம்மையாருக்கும் தயக்கம் வந்தது. சொன்னால் நம்புவாரா என்ற பயமும் இருந்திருக்கும். ஆனாலும், நடந்ததை மறைக்காமல் சொன்னார். ஒரு பொருளைப் பிறருக்கு எடுத்துக் கொடுத்ததற்காகத் தமிழகம் அவரைக் குறை சொல்லவில்லை. 63 நாயன்மார்களில் ஒருவராக வைத்துக் கும்பிடுகிறது.

இதிலிருந்து ஓர் உரைகல் கிடைக்கிறது. எதைக் கொடுப்பதற்கு முன்பும் உங்களையே கேளுங்கள்: ‘இதை இன்னாருக்குக் கொடுத்தேன் என்று, எனக்குக் கொடுத்தவரிடம் முகம் பார்த்துச் சொல்ல முடியுமா?’ முடியும் என்றால் கொடுங்கள். ‘அத்தை, நீங்க கொடுத்த விளக்கு எங்க பேட்டைப் பிள்ளையார் கோயில்ல தினமும் எரியுது. சாயங்காலம் வாங்க, போய்ப் பார்க்கலாம்’ என்று சொல்ல முடிந்தால், அத்தைக்கு அதைவிட என்ன சந்தோஷம் வேண்டும்? சொல்ல முடியாது, கூசுகிறது என்றால், அந்த இடம் சரியில்லை. அல்லது அந்தப் பொருள் கொடுக்கக் கூடாதது.

ஆம், கொடுக்கக் கூடாதவையும் உண்டு. தனியாக இருக்கும் ஒரு பெரியம்மா, கிடைக்கிற குடும்ப ஓய்வூதியத்தில் மாதாமாதம் மிச்சம் பிடித்து, உங்கள் பெயரும் தேதியும் வெட்டிக் கொடுத்த எவர்சில்வர் குடம். அது குடம் இல்லை. உங்கள் வீட்டில் அவருக்கான இடம். அவர் இருக்கும் வரை அதில் தண்ணீர் பிடித்து வையுங்கள். 40 பொருட்களுக்கு இடமில்லாத வீடு இருக்கலாம். இப்படிப்பட்ட 2 பொருட்களுக்கு இடமில்லாத வீடு கிடையாது. மற்ற 38 போனால்தான் இந்த 2-க்கும் இடம் கிடைக்கும்.

சாமி படங்களும் விக்கிரகங்களும்

நம் வீடுகளில் மிகவும் தர்மசங்கடம் தருபவை இவைதான். பூஜை அலமாரியோ ஒன்றரை அடி. வந்து சேர்ந்த பிள்ளையார்களோ 11. ‘சாமியை எப்படி வெளியே கொடுப்பது?’

தூசியில், பழைய செருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் கட்டிலடியில் வைத்திருப்பதைவிட, தினமும் ஒரு பூ கிடைக்கும் இடத்துக்கு அனுப்புவது உத்தமம் அல்லவா? நல்ல நிலையில் உள்ள படத்தை, புதுக் குடித்தனம் போகிறவர்களிடம் கேட்டுக் கொடுக்கலாம். பள்ளிக்கூடம், முதியோர் இல்லம், சின்னக் கோயில் எதுவானாலும் அவர்களிடம் கேட்டுவிட்டு, துடைத்து, பொட்டு வைத்துக் கொடுங்கள். கேட்காமல் கோயில் பிராகாரத்திலோ அரசமரத்தடியிலோ வைத்துவிட்டு வராதீர்கள். மழையிலும் வெயிலிலும் கண்ணாடி உடைந்து, வலம் வருகிறவர் காலைக் கிழிக்கிறது. உடைந்த படமானால் கண்ணாடியையும் சட்டத்தையும் தனியே பிரித்துவிடுங்கள். பச்சை மண் பிள்ளையார் என்றால், வீட்டிலேயே ஒரு வாளி நீரில் கரைத்து, மரத்தடியில் ஊற்றலாம். சாயம் பூசியவற்றையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொம்மைகளையும் ஆற்றிலோ கடலிலோ போடாதீர்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் 2020-ல் வெளியிட்ட நெறிமுறைகளில் இதைக் கண்டித்திருக்கிறது. கங்கையை வணங்குகிற நாம், நீருக்கு நஞ்சூட்டலாமா?

வரும் முன் என்ன செய்யலாம்?

வந்ததை என்ன செய்வது என்பதைவிட, வராமலே பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால், ‘எதுவும் வாங்கி வராதீர்கள்’ என்று சொன்னால் உறவு கசக்கும். குழந்தை, குரு, தெய்வம், பெரியவர்கள் இருக்கும் இடத்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று வளர்ந்தவர்கள் அவர்கள். அந்தக் கையைத் தடுக்காதீர்கள். திசையை மட்டும் காட்டுங்கள். ‘சித்தி, வரும்போது உங்க தோட்டத்துக் கறிவேப்பிலை கொண்டு வாங்களேன்’, ‘அக்கா, பூஜைக்குக் கொஞ்சம் நல்ல நெய் வேணும்’ என்று உரிமையோடு கேளுங்கள். கேட்டு வாங்குவதும் ஒரு பிரியம்தான். பெரிய விசேஷமென்றால், ‘குழந்தை பேரில் அன்னதானத்துக்குக் கட்டிவிடுங்கள்’ என்று சொல்லலாம். தமிழகத் திருக்கோயில்களில் 2002-லும், திருமலையில் 1985-லும் தொடங்கிய அன்னதானங்கள் இன்றும் நடக்கின்றன. பசித்தவர் வயிற்றுக்குப் போன பரிசுக்குப் பரண் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. நம் வீட்டுக்கு வந்த குவியலைப் பற்றியே பேசினோம். இதே நவராத்திரியில் நாமும்தான் 30 பேருக்கு 30 கிண்ணம் கொடுத்தோம். அவர்கள் வீட்டு மூலையிலும் ஒரு குவியல் இருக்கும். அதில் நம்முடையதும் இருக்கும்.

பெரியவர்கள் வகுத்த தாம்பூலத்தில் என்னவெல்லாம் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பூ, பழம், தேங்காய். இவற்றில் வீட்டில் தங்கி இடத்தை அடைப்பது ஒன்றாவது உண்டா? பழம் அன்று மாலைக்குள் தீரும். பூ மறுநாள் வாடும். தேங்காய் துவையலாகும். மஞ்சள் குளிக்கும்போது கரையும். எல்லாம் தீர்ந்து போகும். வாங்கியவர் மனசில் இனிப்பு மட்டும் மிஞ்சும். கிண்ணமும் சிமிழும் பின்னால் நாம் சேர்த்துக்கொண்டவைதானே! அடுத்த நவராத்திரிக்கு, தீர்ந்து போகிற பொருளாகவே கொடுத்துப் பாருங்கள். நல்ல மஞ்சள்கிழங்காக நான்கு, ஒரு முழம் கூடுதலாகப் பூ. அம்பாளுக்கு அது போதும். வாங்கிக்கொண்டு போகிற சுமங்கலியின் சின்ன வீடும் உங்களை வாழ்த்தும்.